பவளப்பாறையில் ஸ்நார்கெல்: மாஸ்க் தேர்விலிருந்து மீன்களை அடையாளம் காண்பது வரை முழு வழிகாட்டி

வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறவர்களில் பலர் மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் (ஸ்நார்கெல்) மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேலே ஒரு மணி நேரம் வேகவேகமாக நீந்திவிட்டு, "கலர் கலரா மீன் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு கரையேறிவிடுகிறார்கள். பாறையில் ஒரு குறையும் இல்லை. கையையும் காலையும் அடித்துக்கொண்டு பெரிய உருவம் ஒன்று மேலே வந்தால், அங்குள்ளவற்றில் பாதி பொந்துக்குள் போய்விடும். ஒரே இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் மிதக்கிறவருக்கு முன்னால்தான் அவை திரும்ப வெளியே வரும். அந்தப் பத்து நிமிடம் வாய்க்க நல்ல மாஸ்க், அலையில்லாத நீர், பதற்றமில்லாத மூச்சு மூன்றும் வேண்டும்.

உலகக் கடல் தரையில் 1 சதவீதத்துக்கும் குறைவான பரப்பில்தான் பவளப்பாறைகள் இருக்கின்றன. ஆனால் அறியப்பட்ட கடல் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாழ்நாளின் ஏதாவது ஒரு கட்டத்தில் அவற்றைச் சார்ந்து வாழ்கிறது. இவ்வளவு உயிர்கள் இவ்வளவு கரைக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திலேயே கிடைப்பது வேறு எங்கும் இல்லை.

எந்த மாதம், எந்தக் கரை

டிக்கெட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது காற்று. மழையைவிடக் காற்றுதான் நீரைக் கலக்கும். லட்சத்தீவிலும் அந்தமானிலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் தோராயமாக நவம்பர் முதல் மே வரை கொடிய பெட்டி ஜெல்லிமீன்கள் கரையோரம் வரும். அந்த மாதங்களில் உடல் முழுவதும் மூடும் மெல்லிய உடை இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது.

தீவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இதே கணக்குதான். காற்று கிழக்கிலிருந்து அடித்தால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். விடுதிக்கு எதிரே இருக்கிறது என்பதற்காக அலையடிக்கும் கரையில் இறங்காதீர்கள், மறுபக்கம் போங்கள். ஆறு கடலில் சேரும் இடத்தையும், பெருமழைக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களையும் தவிர்க்க வேண்டும். வண்டல் கலந்த நீரில் எதுவும் தெரியாது.

படகில் போவதாக இருந்தால் ஏறும் முன்பே நான்கு கேள்விகள் கேளுங்கள். நங்கூரத்தைப் பாறை மேல் போடுவார்களா, அல்லது நிலையான மிதவையில் கட்டுவார்களா? வழிகாட்டி உங்களோடு நீரில் இறங்குவாரா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? மீன்களுக்கு ரொட்டி போடுவார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு படகு பாருங்கள். பாசியை மேய வேண்டிய மீன்கள் ரொட்டிக்காகக் கூடி நின்றால் பவளத்தின் மேல் பாசி ஏறும். ருசி கண்ட மீன் ஆளையும் கடிக்கும்.

மாஸ்க், ஸ்நார்கெல், ஃபின்

பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் மாஸ்க்குக்குச் செலவழியுங்கள். மற்ற இரண்டையும் வாடகைக்கு எடுக்கலாம். ஒருவருக்குப் பொருந்தும் மாஸ்க் இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதால் மாஸ்க் மட்டும் சொந்தமாக இருப்பதே நல்லது. பொருந்துகிறதா என்று இப்படிப் பாருங்கள்: பட்டையைப் பின்னால் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். மூச்சைப் பிடித்திருக்கும்வரை விழாமல் ஒட்டி நின்றால் சரி. நெற்றியில் ஒரு முடி உள்ளே மாட்டியிருந்தாலும் நீர் கசியும். மீசை அடர்த்தியாக இருந்தால் மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம்.

நீர் கசிந்தால் பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது; அது கசிவை இன்னும் கூட்டும். அதிகம் இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடங்கிவிடும். நீரின் அழுத்தமே மாஸ்க்கை முகத்தோடு ஒட்டவைக்கும். பட்டை அதை நகராமல் வைத்திருந்தால் போதும். பின்தலையின் அகலமான பகுதியில், காதுக்கு மேலே பட்டை உட்கார வேண்டும்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் விரலால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினால் அது போகும். இதைச் செய்யாவிட்டால் என்ன தடவினாலும் பனி பிடித்துக்கொண்டே இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் ஒரு துளி பேபி ஷாம்பூ தடவி லேசாக அலசினால் போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. கண்ணாடிக்கு மேல் மாஸ்க் போட முடியாது, காம்பு விளிம்பைத் தூக்கிவிடும்.

ஸ்நார்கெல் எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. குழாய் 40 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம். நீளம் கூடினால் நீங்கள் வெளிவிட்ட கரியமிலவாயுவே குழாயில் தங்கித் திரும்ப உள்ளே வரும். இதே காரணத்தால் முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கைப் பரிந்துரைக்க மாட்டோம். அதில் மூக்கைப் பிடித்துக் காது அழுத்தத்தைச் சரிசெய்யவும் முடியாது, அவசரத்தில் சட்டென்று கழற்றுவதும் கடினம்.

காலில் மாட்டும் துடுப்பான ஃபின் குதிகாலில் நழுவக் கூடாது, விரல்களை நெருக்கவும் கூடாது. நீளமான ஃபின் வேகத்துக்கு உதவும். ஆழமில்லாத பாறையின் மேல் அதன் நுனி எங்கே இடிக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. குட்டை ஃபின் எடுங்கள்.

வெயிலுக்கு நீளக்கை ராஷ் கார்டும் (உடலோடு ஒட்டும் நீச்சல் சட்டை) முழங்கால் மூடும் உடையும்தான் முதல் பாதுகாப்பு. முதுகும் தொடையின் பின்பக்கமும்தான் அதிகம் எரிந்துபோகும் இடங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஜிங்க் ஆக்ஸைடு அடிப்படையிலான சன்ஸ்கிரீன் தடவுங்கள். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருட்கள் கலந்தவற்றை வாங்க வேண்டாம். பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 ஜனவரியிலிருந்தும் ஹவாய் 2021 ஜனவரியிலிருந்தும் பவளத்தைக் காக்க இவற்றின் விற்பனையைத் தடைசெய்திருக்கின்றன.

இடுப்பளவு நீரில் அரை மணி நேரம்

பாறைக்குப் போகும் முன் மணல் தரையுள்ள ஆழமற்ற இடத்தில் பழகுங்கள். நின்றபடியே முகத்தை நீரில் வைத்து வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். மெதுவாக உள்ளே, அதைவிட மெதுவாக வெளியே. பயத்தில் சின்னச் சின்ன மூச்சாக எடுத்தால் குழாயில் உள்ள பழைய காற்றே சுற்றிவரும், மூச்சு முட்டுகிற உணர்வு கூடும், பயமும் கூடும். வெளிமூச்சை நீளமாக்கினால் இந்தச் சுழல் அறுந்துவிடும்.

அடுத்து குழாயில் வேண்டுமென்றே நீரை விட்டு, "தூ" என்று ஒரே வேகமான ஊதலில் வெளியேற்றப் பழகுங்கள். ஊதிய பிறகு முதல் மூச்சைக் கொஞ்சமாக எடுங்கள், மிச்ச நீர் தொண்டைக்குப் போகாது.

மூன்றாவது பயிற்சியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: மல்லாந்து மிதந்தபடி மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவது. பாறைக்கு மேலே மாஸ்க்கில் நீர் புகுந்தால் பெரும்பாலோர் நிமிர்ந்து நின்று காலை மேலும் கீழும் உதைப்பார்கள். அந்த உதையில்தான் பவளக் கிளைகள் முறிகின்றன. கிளைப்பவளம் ஆண்டுக்கு 10 செ.மீ. அளவு வளரக்கூடும், உருண்டைப் பவளமோ பெரும்பாலும் 1 செ.மீ.தான். பெரிய பாறாங்கல் போல் நிற்கும் ஒரு பவளம் பல நூற்றாண்டு வயதுடையதாக இருக்கலாம். மல்லாந்து சரிசெய்யப் பழகியவர் அதன் மேல் ஒருமுறைகூடக் கால் வைக்க வேண்டியிராது.

நீச்சல் தெரியாதவர்களும் பாறையைப் பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட்டும் பிடித்துக்கொள்ள ஒரு மிதவை வளையமும் வழிகாட்டியும் இருந்தால் போதும். சொல்லப்போனால் காலை உதைக்காமல் வளையத்தைப் பிடித்து மிதக்கும் அவர்கள் கண்ணில் படுவது அதிகம்.

ஓதமும் நீரோட்டமும்

ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பார்த்து, கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்குவதுபோல் திட்டமிடுங்கள். அப்போது பாறைக்கும் வயிற்றுக்கும் இடையே போதிய நீர் இருக்கும், வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும். நீர் வற்றத் தொடங்கினால் கரைக்கும் பாறைக்கும் இடையிலுள்ள தடாகத்துக்குள் இருந்த நீர் எல்லாம் பாறைத் திட்டில் உள்ள இடைவெளிகள் வழியாகக் கடலுக்கு ஓடும். அந்தக் கால்வாய்கள்தான் ஆபத்து. மேலிருந்து பார்த்தால் கருநீலமாக, அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பி அங்கே நீந்தக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்க வித்தியாசம் அதிகம், ஓட்டமும் வேகம்.

இறங்கும் முன் ஒரு காய்ந்த இலையை நீரில் போட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்தி, களைப்பு வரும்போது ஓட்டத்தோடு திரும்புங்கள். மாற்றிச் செய்தால், களைத்த நேரத்தில் எதிர்நீச்சல் போட வேண்டிவரும். இழுத்துக்கொண்டு போனால் நேராக எதிர்க்காதீர்கள், ஓட்டத்துக்குக் குறுக்கே நீந்தி வெளியே வாருங்கள். கரையில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள். தனியாக இறங்கவே கூடாது.

காலை 9 முதல் 11 வரை நல்ல நேரம். வெயில் போதிய அளவு உள்ளே இறங்கும், காற்றும் பெரும்பாலும் அதன் பிறகுதான் எழும்பும். நீர் 28 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் உடல் சூடு மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், ஏறிவிடுங்கள். காரணமில்லாமல் மூச்சுத் திணறினால் உடனே மல்லாந்து, குழாயை எடுத்துவிட்டு, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் பயணத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

கொஞ்சம் கீழே மூழ்கிப் பார்க்கும் ஆசை வரும். 2, 3 மீட்டர் ஆழம் போதும். காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன்செய்யுங்கள். வலித்தால் மேலே வாருங்கள். மூழ்கும் முன் வேகவேகமாகப் பல மூச்சு எடுப்பது உயிருக்கு ஆபத்து. அது ஆக்ஸிஜனைப் பெரிதாகக் கூட்டாது. மூச்சு வேண்டும் என்று உடலுக்குச் சொல்லும் கரியமிலவாயுவைத்தான் குறைக்கும். எச்சரிக்கை வராமலே மயக்கம் வந்துவிடும்.

எங்கே எதைத் தேடுவது

மாஸ்க் வழியாக நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு நெருக்கமாகவும் தெரியும். திருக்கையின் அளவைச் சொல்லும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள். முகத்தை நீரில் வைத்ததும் கடுகு பொரிவது போல ஒரு சத்தம் விடாமல் கேட்கும். அது சொடுக்கு இறால்கள் கொடுக்கை மூடும் ஒலி. உயிருள்ள பாறைக்கு வந்துவிட்டீர்கள் என்பதன் முதல் அறிகுறி அது.

கரையிலிருந்து போனால் முதலில் வருவது மணலும் கடற்புல்லும். பெரும்பாலோர் இதை வெறும் வழி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். மணலில் விரல் நுழையும் அளவு துளையும், அதன் வாயில் உட்கார்ந்திருக்கும் சின்ன மீனும் தெரிந்தால் இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் மிதங்கள். சில நிமிடங்களில் துளையிலிருந்து ஒரு இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பார்வை மிகவும் குறைவு. ஒரு உணர்கொம்பை எப்போதும் மீனின் உடலில் வைத்தபடியே வேலை செய்யும். வீட்டைத் தோண்டுவது இறால், காவல் காப்பது கோபி மீன். ஆபத்து தெரிந்தால் மீன் வாலைச் சிலிர்க்கும், இறால் உள்ளே போய்விடும். உங்கள் நிழல் துளையின் மேல் விழுந்தாலும் இதே கதைதான். ஆகவே சூரியனை எதிர்நோக்கி நில்லுங்கள். கடற்புல்லில் பேராமை மேயும். பாறைப் பக்கம் போனால் கடற்பஞ்சு தின்னும் அழுங்காமையைப் பார்க்கலாம். ஆமைக்கு 3 மீட்டராவது இடம் விடுங்கள். மேலே மூச்சு வாங்க வரும் அதன் பாதையை மறிக்கவே கூடாது.

அடுத்து பாறையின் மேல்தளம். முழங்காலளவு நீர்தான் இருக்கும், நீர் குறைவான நேரத்தில் உள்ளே போகாதீர்கள். மணலில் தனித்தனியாக எழுந்து நிற்கும் பவளக் குன்றுகள் புதியவர்களுக்கு ஏற்றவை. சுற்றிலும் மணல் என்பதால் எதையும் இடிக்காமல் ஒரு வட்டம் வரலாம். ஒரு சின்னக் கரும்பழுப்பு மீன் மாஸ்க்கை நோக்கிப் பாய்ந்து வந்தால் அது தன் பாசித் தோட்டத்தைக் காக்கும் டாம்செல் மீன். ஒன்றும் செய்யாது, ஒரு மீட்டர் விலகிக்கொள்ளுங்கள். பூப்போல் விரிந்து பாறையில் ஒட்டி வாழும் விலங்கான கடற்சாமந்தியில் கோமாளி மீன் குடும்பம் இருந்தால் உருவத்தில் பெரியதைக் கவனியுங்கள், அதுதான் பெண். அடுத்த பெரியது அதன் ஆண் துணை. பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும்.

மேல்தளத்தைத் தாண்டினால் பாறை சரிந்து ஆழத்துக்கு இறங்கும் விளிம்பு. மீன் கூட்டம் அதிகம் இங்கேதான். விளிம்பில் துப்புரவு நிலையம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். நீல உடலில் கருங்கோடு ஓடும் விரல் நீள மீன் ஒன்று மேலும் கீழும் ஆடி ஆடி நீந்தும். களவா போன்ற பெரிய மீன்கள் வாயையும் செவுளையும் திறந்து அசையாமல் நிற்கும். அந்தச் சின்ன மீன் அவற்றின் வாய்க்குள் போய் ஒட்டுண்ணிகளைத் தின்றுவிட்டு வெளியே வரும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அடுத்தடுத்து மீன்கள் வருவதைப் பார்க்கலாம். நெருங்கினால் கலைந்துவிடும்.

"கறக் கறக்" என்ற சத்தம் கேட்டால் பக்கத்தில் கிளிமீன் இருக்கிறது. அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்று, அரைத்த சுண்ணாம்பை மணலாகக் கழிக்கும். பின்னால் வெள்ளைப் புகைபோல் விழுவதைக் காணலாம். தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு இப்படி வந்தது. பொந்துகளில் அஞ்சாலை என்ற பாம்பு போன்ற மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். மிரட்டுவதில்லை, மூச்சு விடுகிறது. விரலை நீட்டாதவரை ஒன்றும் ஆகாது. கரும்நுனிச் சுறாவைக் கண்டாலும் பதறத் தேவையில்லை, அது விலகித்தான் போகும்.

பவளம் நலமாக இருக்கிறதா

படங்களில் பார்த்த இளஞ்சிவப்பையும் ஊதாவையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் பழுப்பு நிறப் பவளத்தைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழுப்பும் பச்சையும்தான் பெரும்பாலான பவளங்களின் நலமான நிறம். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளின் நிறம் அது. பவளத்துக்குத் தேவையான உணவில் பெரும்பகுதியைத் தருவதும் அவைதான். கிளைகளின் நுனி மட்டும் வெண்மையாக இருந்தால் அது புது வளர்ச்சி.

பவளம் முழுவதும் பளீரென்று வெண்மையாக இருந்தால் வெளுத்துவிட்டது என்று பொருள். வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போதும் அது உயிரோடுதான் இருக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளலாம். சாம்பல் நிறத்தில் நூல்பாசி படர்ந்திருந்தால் அது இறந்த பவளம். உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு 2024 ஏப்ரலில் உறுதிசெய்யப்பட்டது. வெளுத்த பாறையை இனி எந்தத் தீவிலும் பார்க்க நேரலாம். ஒரு பக்கம் மட்டும் தெளிவான விளிம்போடு வெண்திட்டு இருந்தால் அடியில் முள்முடி நட்சத்திர மீன் பதுங்கியிருக்கிறதா பாருங்கள். அது பவளத் திசுவைத் தின்னும். நீங்களாக எடுக்கப் போகாதீர்கள், முள்ளில் நஞ்சு உண்டு. வழிகாட்டியிடம் இடத்தைச் சொல்லுங்கள்.

தொடக் கூடாதவை, பட்டுவிட்டால் செய்ய வேண்டியவை

எதையும் தொடாதவருக்கு இந்தப் பகுதி பெரும்பாலும் தேவைப்படாது. விதிவிலக்கு டைட்டன் ட்ரிக்கர்ஃபிஷ் என்ற பெரிய கிளாத்தி மீன். மணலில் கூடு கட்டி முட்டையைக் காக்கும் காலத்தில் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு. மேலே போனால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள்; ஃபின்னை அதன் பக்கம் வைத்தபடி பக்கவாட்டில் விலகுங்கள்.

மணலில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிவிடும். கல்போல் கிடக்கும், முள்ளில் நஞ்சுள்ள கல் மீனுக்கு இது போதாது, அது நகராது. கனமான அடிப்பகுதியுள்ள காலணி வேண்டும். கல் மீன், சிங்க மீன், திருக்கை குத்தினால், 45 டிகிரிக்கு மேல் போகாத, தாங்கக்கூடிய சுடுநீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்துங்கள். சூட்டை அடிபடாத கையால் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. பிறகு மருத்துவமனை.

பெட்டி ஜெல்லிமீன் பட்டால் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றுங்கள். தேய்க்கவோ நன்னீரால் கழுவவோ கூடாது, வெடிக்காத கொட்டணுக்கள் வெடிக்கும். கூம்புச் சங்கு, நீலவளைய எண்காலி, கடற்பாம்பு மூன்றின் கடியும் குத்தும் அவ்வளவாக வலிக்காமல் போகலாம். ஆனால் மூச்சுத் தசைகளை முடக்கிவிடும். காயம்பட்ட கை காலை முழுவதும் அகலக் கட்டால் இறுக்கிச் சுற்றி, அசையாமல் வைத்து, மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம் கொடுத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அழகான சங்கு என்று கையில் எடுத்தவர்களுக்குத்தான் கூம்புச் சங்கு குத்துவது.

பவளம் உராய்ந்த சிராய்ப்பு சின்னதாகத் தெரிந்தாலும் ஆற நாளாகும், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உள்ளே தங்கிவிடும். சோப்பும் நன்னீரும் கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் துகளை எடுத்துவிட்டுக் கிருமிநாசினி போடுங்கள். சிவந்து பரவினால் மருத்துவரைப் பாருங்கள்.

கரையேறிய பிறகு

நினைவு மங்கும் முன் பார்த்த மீன்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தை முதலில் எழுதாதீர்கள். பல மீன்களில் குஞ்சுக்கும் வளர்ந்ததற்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் வேறு; ஆழத்தில் சிவப்பே தெரியாது. உடல் வடிவம், வாய் எப்படி, வால் பிளந்ததா வட்டமா, கோடு நெடுக்கா குறுக்கா, தனியாகவா ஜோடியாகவா, என்ன செய்துகொண்டிருந்தது என்பதை வரிசையாக எழுதினால் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தட்டையான உடல், நீண்டு குவிந்த வாய், ஜோடியாகத் திரிவது என்றால் அநேகமாக வண்ணத்துப்பூச்சி மீன். படம் இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் இடத்தோடும் தேதியோடும் ஏற்றுங்கள்; அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள், பதிவும் ஆய்வுக்குப் பயன்படும்.

மாஸ்க்கை நன்னீரில் அலசி நிழலில் காயவையுங்கள், வெயிலில் சிலிக்கான் கெட்டுப்போகும். கரையில் கிடந்தாலும் பவளத் துண்டு, ராட்சதச் சிப்பி ஓடு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். கல் பவளங்களும் ராட்சதச் சிப்பிகளும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. விமான நிலையத்தில் பறிமுதலோடு அபராதமும் வரலாம். தீவில் ஸ்கூபாவும் (காற்று உருளையோடு மூழ்குவது) செய்திருந்தால் விமானம் ஏறும் முன் இடைவெளி வேண்டும்: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம். ஸ்நார்கெல் மட்டும் என்றால் காத்திருக்கத் தேவையில்லை. கடைசி நாளை ஸ்நார்கெலுக்கு ஒதுக்கி, ஸ்கூபாவை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.